துண்டுக் கடிதமும் கலாநிதிப் பட்டமும்

விஞ்ஞானம் கற்றுத் தேர்ந்த நமது இளைஞர்களுக்கு அண்மைக் காலமாக ஓர் உபதேசம் தாராளமாக வழங்கப்பட்டு வருகின்றது. கலாநிதிப் பட்டம் பெற்றுவிட்டீர்களா? இனி உலகெங்குமுள்ள பல்கலைக்கழகங்கள் வெளியிடும் ஆராய்ச்சிப் பதவி விளம்பரங்களை நாள்தோறும் பார்த்து வாருங்கள். பௌதிகமாயினும் இரசாயனமாயினும் உயிரியலாயினும் எங்கோ ஓரிடம் உங்களுக்காகக் காத்திருக்கின்றது. பேராசிரியர்களுக்குப் பணிவோடு கடிதம் எழுதுங்கள். நூறு கடிதங்களுக்கு இரண்டு மறுமொழி வந்தாலும் மனந்தளராதீர்கள். பதவி தேடுவதும் ஒரு கலையே; அதைப் பயின்றவர் வெல்வார் என்பது இவ்வுபதேசத்தின் சாரம்.

இதைச் சொல்வோரிற் பலர் நல்லெண்ணம் உடையோர் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆசிரியர்களாகிய நாமும் நம்மிடம் வந்து கேட்ட மாணவர்களுக்கு இதையே சொல்லி அனுப்பியிருக்கின்றோம். விண்ணப்பத்தின் வாசகத்தைத் திருத்திக் கொடுத்திருக்கின்றோம். சிபாரிசுக் கடிதத்திற் கையொப்பமிட்டிருக்கின்றோம். ஆயினும் பத்தாண்டுகளுக்கு மேலாகப் பல்கலைக்கழகத்திற் பயின்று, முப்பது வயதையும் கடந்து, ஒரு துறையில் உலகிலே சிலருக்கு மாத்திரமே தெரிந்தவற்றைத் தெரிந்துவைத்திருக்கும் ஒருவர், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வேலை தேடும் கலையையும் ஏன் பயிலவேண்டும் என்ற கேள்வியை நாம் கேட்கத் தவறிவிட்டோம். அதனை இப்பொழுது கேட்போம்.

'போஸ்ட்டொக்' என்று மேல்நாட்டார் சுருக்கி அழைக்கும் பதவியையே இங்கு குறிப்பிடுகின்றோம். கலாநிதிப் பட்டத்துக்குப் பின், நிரந்தர ஆசிரியப் பதவிக்கு முன், ஓராண்டு, ஈராண்டு, மிஞ்சினால் மூவாண்டு ஒப்பந்தத்தில் ஒரு பேராசிரியரின் ஆய்வுகூடத்தில் வேலை செய்வோரே இப்பெயராற் குறிக்கப்படுவோர். மாணவர் என்றால் மாணவரல்லர். ஆசிரியர் என்றால் ஆசிரியருமல்லர். நவீன ஆய்வுகூடங்களிலே பரிசோதனைகளைத் தம் கையாற் செய்பவர்களும், முடிவுகளைக் கணிப்பவர்களும், கட்டுரைகளின் முதற்படியை எழுதுபவர்களும், புதிய மாணவர்களைப் பழக்கி எடுப்பவர்களும் பெரும்பாலும் இவர்களே.

இந்நிலை தொன்றுதொட்டு வந்ததன்று. 1919இல் றொக்ஃபெல்லர் அறநிலையத்தின் பணத்தைக்கொண்டு, ஐக்கிய அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கழகம் பௌதிகத்திலும் இரசாயனத்திலும் பட்டம் பெற்ற இளைஞர் சிலருக்கு உபகாரச் சம்பளம் வழங்கத் தொடங்கியது. கற்பிக்கும் சுமையின்றிச் சில காலம் ஆராய்ச்சி செய்து, பின்னர் பேராசிரியர்களாகச் சேரட்டும் என்பது அதன் நோக்கம். அக்காலத்தில் அது சிலருக்குக் கிடைத்த ஒரு பேறு. அதைத் தாண்டினாற் பதவி இருந்தது. இரண்டாம் உலக யுத்தத்தின் பின் அரசு பெருந்தொகைப் பணத்தை ஆராய்ச்சியிற் கொட்டியபோது இவ்வேற்பாடு உருமாறியது. அரசு பணத்தைப் பல்கலைக்கழகத்தின் நிரந்தர ஊதியப் பட்டியலுக்குக் கொடுக்கவில்லை. தனித்தனிப் பேராசிரியரின் தனித்தனித் திட்டத்துக்குக் கொடுத்தது. திட்டத்துக்கு நான்கைந்து ஆண்டு ஆயுள். எனவே அதில் வேலை செய்பவருடைய பிழைப்புக்கும் அவ்வளவே ஆயுள்.

இதன் பொருளாதாரம் மிக எளிமையானது. ஒரு பேராசிரியர் தம் முப்பதாண்டுச் சேவையிற் பதினைந்து பேரைக் கலாநிதிகளாக்குகின்றார் என வைத்துக்கொள்வோம். அவர் ஓய்வுபெறும்போது காலியாவது ஓர் ஆசனம். ஏனைய பதினான்கு பேர் எங்கே போவர்? கைத்தொழிற் கம்பனிகளுக்குச் சிலர் போகின்றார்கள்; பாடசாலைகளுக்குச் சிலர்; எஞ்சியோர் இரண்டாண்டு ஒப்பந்தங்களில் ஊரூராக அலைகின்றார்கள். பல்கலைக்கழகத்துக்கோ இதில் நட்டமில்லை. மிக உயர்ந்த பயிற்சி பெற்ற உழைப்புச் சக்தி, நிரந்தர ஊழியருக்குரிய பொறுப்புகள் எவையுமின்றி அதற்குக் கிடைக்கின்றது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களது நிதியொதுக்கீடு 1998 முதல் 2003 வரையில் இரட்டிப்பாக்கப்பட்டது. ஆய்வுகூடங்கள் பெருகின, பயில்வோர் பெருகினர். அதன்பின் பணம் அவ்வேகத்தில் வளராது தேங்கியது. பெருகியவர்கள் மனிதராதலால் தேங்கி நிற்க முடியவில்லை. ஒப்பந்தத்திலிருந்து ஒப்பந்தத்துக்கு நகர்ந்தனர்.

ஜேர்மனியைப் பார்ப்போம். நம் மாணவர்களுக்கு அந்நாடு ஒரு சொர்க்கமாகவே சித்திரிக்கப்படுகின்றது. அரசாங்கப் பல்கலைக்கழகங்களிற் பெரும்பாலும் கட்டணமின்றிக் கற்பிக்கும் நாடு என்ற வகையில் அதற்குரிய மதிப்பை நாமும் கொடுக்கின்றோம். ஆனால் அங்கு 2007இல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஏனைய தொழிலாளரைத் தற்காலிக ஒப்பந்தத்தில் நெடுங்காலம் வைத்திருக்க முடியாதபடி பொதுத் தொழிற்சட்டம் காக்கின்றது. விஞ்ஞானத் தொழிலாளருக்கு மாத்திரம் வேறு விதி. கலாநிதிப் பட்டத்துக்கு முன் ஆறாண்டு, பட்டத்துக்குப் பின் ஆறாண்டு, மருத்துவத் துறையில் ஒன்பதாண்டு வரை தற்காலிக ஒப்பந்தங்களில் வைத்திருக்கலாம். வெளி நிதியில் நடக்கும் திட்டமாயின் அவ்வெல்லையையும் கடக்கலாம். 2021இல் வெளியான அந்நாட்டு அறிக்கையின்படி, பல்கலைக்கழகங்களில் 45 வயதுக்குட்பட்ட, பேராசிரியரல்லாத விஞ்ஞான ஊழியரில் 92 சதவீதத்தினர் தற்காலிக ஒப்பந்தத்திலேயே இருந்தனர். நூற்றுக்கு எட்டுப் பேருக்கே நாளை என்ன என்பது தெரியும்.

இச்சட்டத்தை நியாயப்படுத்த அந்நாட்டுக் கல்வி, ஆராய்ச்சி அமைச்சு ஒரு சித்திரப் படத்தைத் தயாரித்திருந்தது. ஹன்னா என்ற இளம் உயிரியலாளர் அதன் நாயகி. ஒரு தலைமுறை ஆசனங்களையெல்லாம் அடைத்துக்கொண்டால் அடுத்த தலைமுறைக்கு வழியிராது. ஆட்கள் மாறிக்கொண்டேயிருந்தாற்றான் புதுமை பிறக்கும் என்று அப்படம் விளக்கியது. சாக்கடையிற் குப்பை அடைத்துக்கொள்வதைப்பற்றிப் பேசும் பாஷையிலே மனிதரைப்பற்றிப் பேசியது. 2021 யூனில் மூன்று ஆராய்ச்சியாளர்கள் தொடங்கிவைக்க, 'நானே ஹன்னா' என்று ஆயிரக்கணக்கானோர் தத்தம் பெயரோடும் வயதோடும் ஒப்பந்தங்களின் எண்ணிக்கையோடும் எழுதத் தலைப்பட்டனர். படம் மறைந்தது, சட்டம் மறையவில்லை. 2024 மார்ச்சில் மந்திரிசபை ஒரு திருத்த மசோதாவை ஏற்றது. பட்டத்துக்குப் பின் நான்காண்டு. அதன்மேல் இரண்டாண்டு நீடிப்பதாயின் நிரந்தரப் பதவிக்கான உறுதி வேண்டும் என்பது அதன் மையம். அவ்வாண்டு நவம்பரிற் கூட்டரசு கவிழ்ந்தது, மசோதா சட்டமாகவில்லை.

பேர்லின் மாநிலத்தின் கதை இதனிலும் படிப்பினை மிக்கது. பட்டம் பெற்ற ஆராய்ச்சியாளரைச் சேர்த்தால் அவர் தகைமையை நிறைவேற்றியதும் நிரந்தரப் பதவி வழங்க வேண்டும் என்று 2021இல் அம்மாநிலம் சட்டம் இயற்றியது. புகழ்பெற்ற ஹம்போல்ற் பல்கலைக்கழகத்தின் தலைவர் எதிர்ப்புத் தெரிவித்துப் பதவி விலகுவதாக அறிவித்தார். பல்கலைக்கழகம் நீதிமன்றம் சென்றது. 2025இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அவ்விதி அரசியலமைப்புக்கு முரணானது எனத் தள்ளியது. வாதத்திலே முன்னின்றது எது? விஞ்ஞானச் சுதந்திரம். யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்று முடிவுசெய்யும் நிறுவனத்தின் சுதந்திரம் விஞ்ஞானச் சுதந்திரமாகிவிட்டது. தம் தலைவர் பிழை செய்தார் என்று வாய்திறந்து சொன்னால் அடுத்த ஒப்பந்தம் கிடைக்குமோ என அஞ்சும் ஆராய்ச்சியாளரின் சுதந்திரம் எந்தக் கணக்கிலும் இடம்பெறவில்லை.

இனி, இப்பதவிகள் எவ்வாறு 'தேடப்படுகின்றன' என்பதைச் சற்று உற்றுநோக்குவோம். விளம்பரங்கள் உண்டு, அவை திறந்த போட்டிக்கான விளம்பரங்கள் என்றே தோற்றமளிக்கும். ஆயினும் ஒரு பேராசிரியர் மற்றொரு பேராசிரியருக்குச் சொல்லும் ஒரு சொல், நேர்த்தியான நாற்பது விண்ணப்பங்களிலும் கனமானது என்பதை இத்துறையில் உள்ளோர் அறிவர். சிபாரிசுக் கடிதங்கள் இரண்டோ மூன்றோ வேண்டும். அவற்றில் ஒன்றாவது இப்பொழுது யாரின்கீழ் வேலை செய்கின்றீர்களோ அவரிடமிருந்து வரவேண்டும். அவர் கடிதம் தர மறுத்தால், அன்றித் தந்தும் அதனை வெதுவெதுப்பாக எழுதினால், கதை அத்தோடு முடிந்தது. அதில் என்ன எழுதியிருக்கின்றது என்பதைச் சம்பந்தப்பட்டவர் பார்ப்பதுமில்லை.

நம் நாட்டு வாசகர்களுக்கு இது ஒரு பழைய சங்கதியை நினைவூட்டவேண்டும். மலைநாட்டுத் தோட்டங்களிலே துண்டு முறை என ஒன்று இருந்தது. கடனிற் பிணைக்கப்பட்ட தொழிலாளி வேறொரு தோட்டத்துக்குச் செல்வதாயின், இன்ன தொகை கட்டப்பட்டதும் இவரை விடுவிப்போம் என்ற துண்டு வேண்டும். துண்டு இல்லாதவருக்குப் போக்கிடம் இல்லை. 1921இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. லயத்தில் வாழ்ந்தவரின் பசியையும் நோயையும் ஆய்வுகூடத்தில் வாழ்பவரின் கவலையோடு சமன்செய்வது அநீதியாகும். அத்தகைய ஒப்பீட்டை நாம் செய்யவில்லை. ஆனால் ஓர் உழைப்பாளி ஓரிடத்தைவிட்டு மற்றோரிடத்துக்குப் போகும் உரிமை, போகவிடாதிருப்பதில் இலாபமுடைய ஒருவரின் கையெழுத்திலே தங்கியிருக்கும் அமைப்பு ஒன்றுதான். அந்நியராயின் அக்கையெழுத்தோடு விசாவும் சேர்ந்துகொள்கின்றது. வேலை போனால் நாட்டைவிட்டுப் போகவேண்டும். போதாக்குறைக்கு, 2025 செப்ரெம்பரில் அமெரிக்க ஜனாதிபதி, வெளிநாட்டிலிருந்து புதிதாக அழைக்கப்படும் தொழில்நெறியாளருக்கான எச்-1பி விசா மனு ஒன்றுக்கு 1,00,000 டொலர் கட்டவேண்டும் எனப் பிரகடனம் செய்தார். ஆராய்ச்சியாளரை அழைக்கும் பல்கலைக்கழகங்கள் பல இவ்விசாவையும் பயன்படுத்தி வந்தவை. எந்த ஆய்வுகூடம் அத்தொகையைக் கட்டி நம்மூர் இளைஞரை அழைக்கும்?

கற்றலின் கரிகோ என்னும் ஹங்கேரியரின் கதையை இன்று எல்லோரும் சொல்கின்றார்கள். சொல்லும் விதத்திலேதான் நமக்கு மறுப்புண்டு. 1985இல் காரை விற்று வந்த 900 பவுணைக் குழந்தையின் கரடிப் பொம்மைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு அவர் பிலடெல்பியாவில் இத்தகைய தற்காலிகப் பதவி ஒன்றுக்கு வந்தார். வேறொரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததும், அப்போதைய ஆய்வுகூடத் தலைவர் தம்மை நாடுகடத்தச் செய்வதாக மிரட்டினார் என்பதை அவரே எழுதியிருக்கின்றார். பின்னர் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து தூது ஆர்.என்.ஏ. பற்றி ஆராய்ந்தார். உதவிநிதி கிடைக்கவில்லை, 1995இற் பதவி இறக்கப்பட்டார். 1997இல் ட்றூ வைஸ்மனைச் சந்தித்தது ஒரு பிரதி எடுக்கும் யந்திரத்தருகே. இருவரும் 2005இல் வெளியிட்ட ஆய்வே கொவிட் தடுப்பூசிகளுக்கு வழிதிறந்தது. 2023இல் நோபல் பரிசு வந்தது.

விடாமுயற்சியின் வெற்றி என்று இதனை மேடைகளிற் பேசுகின்றார்கள். நமக்கு இது ஒரு தப்பிப் பிழைத்தலாகவே படுகின்றது. பதவியிறக்கப்பட்ட அன்று அவர் வேறு தொழிலுக்குப் போயிருந்தால் எவரும் வியந்திருக்கமாட்டார். பேராசிரியரின் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி குறைந்திருக்கும், அவ்வளவே. அப்படிப் போனவர்களும் உளர். ஒளிரும் பச்சைப் புரதத்தின் மரபணுவைப் பிரித்தெடுத்து 1992இல் வெளியிட்டவர் டக்ளஸ் பிராஷர். அவருக்கு மேற்கொண்டு உதவிநிதி கிடைக்கவில்லை. மரபணுவை வேறிரு விஞ்ஞானிகளுக்கு அனுப்பிவைத்துவிட்டு அவ்வாராய்ச்சியைக் கைவிட்டார். 2008இல் அப்புரதத்துக்காக ஷிமொமுறா, சால்ஃபி, சியென் ஆகிய மூவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டபோது, பிராஷர் அலபாமா மாநிலத்தின் ஹன்ற்ஸ்வில் நகரிலே கார் விற்பனை நிலையமொன்றின் வாடிக்கையாளரை ஏற்றி இறக்கும் வான் ஓட்டிக்கொண்டிருந்தார். மரபணுவைப் பெற்றவர்கள் பின்னர் அவரை மறக்கவில்லை. சியென் தம் ஆய்வுகூடத்தில் வேலையும் கொடுத்தார். அது அம்மனிதரின் பண்பு. வான் ஓட்டுவது இழிவான தொழிலும் அன்று. ஆனால் ஒரு சமுதாயம் இருபதாண்டு செலவிட்டு உருவாக்கிய அறிவை இப்படித் தெருவில் விட்டது யாருடைய திறமைக் குறைவு? பிராஷர் பதவி தேடும் கலையைச் சரியாகப் பயிலவில்லை என்பார்களா?

போட்டியினாலேயே தரம் உயர்கின்றது என்று வாதிடுவோர் உளர். போட்டியை நாம் வெறுக்கவில்லை. ஆயினும் இரண்டாண்டில் முடிவு காட்டவேண்டியவர் எத்தகைய கேள்வியை எடுத்துக்கொள்வார்? இரண்டாண்டில் விடை வரக்கூடிய கேள்வியை. பத்தாண்டு உழைத்தும் விடை வராதிருக்கக்கூடிய கேள்வியை எடுக்க அவருக்கு எவ்வாறு துணிவு வரும்? பிறருடைய முடிவு பிழை என்று காட்டும் பரிசோதனையிலே ஓராண்டைச் செலவிட எவ்வாறு மனம் வரும்? இந்த வாதம் விஞ்ஞானத்தின் பெயரால் விஞ்ஞானத்தின் வேரை வெட்டுகின்றது. பிள்ளை பெறும் வயதில் மூன்று நாடுகளில் மூன்று வீடு மாறவேண்டிய பெண்கள் இப்போட்டியிலிருந்து முதலில் விலகுவதும், பெற்றோரின் சொத்து உள்ளவர் கடைசிவரை நின்றுபிடிப்பதும் எந்தத் தரத்தின் அளவுகோல் என்பதையும் அவர்கள் விளக்கவேண்டும்.

நம் அணியைச் சேர்ந்த நண்பர்கள் சிலரின் ஆட்சேபம் வேறு. இவர்கள் படித்த மத்தியதர வகுப்பினர். ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணும் கொழுந்து பறிப்பவரும் படும் பாட்டுக்கு முன் இவர்களின் முறைப்பாடு என்ன பெரிது என்கின்றார்கள். நியாயம் இல்லாத பேச்சன்று. வருவாயை மாத்திரம் நோக்கினால் இவர்கள் வறியவரல்லர். 2024இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் உதவிச் சம்பளம் முதலாண்டில் 61,008 டொலராக இருந்தது. பொஸ்ரனிலும் சான்பிரான்சிஸ்கோவிலும் வீட்டு வாடகை போக அதில் என்ன மிஞ்சும் என்பது ஒருபுறமிருக்க, வர்க்கம் என்பது சம்பளச் சீட்டிலுள்ள தொகையைக் கொண்டு மாத்திரம் தீர்மானிக்கப்படுவதன்று என்பதை நம் நண்பர்களுக்கு நாம் சொல்லித்தரவேண்டியதில்லை. தம் உழைப்பை விற்பதைத் தவிர வேறு வழியில்லாதவர், தாம் செய்த வேலையின் பலன்மீது உரிமையில்லாதவர், மேலாளரின் தயவில் வேலையில் நீடிப்பவர் யார் என்ற கேள்வியைக் கேட்டுப் பார்க்கட்டும். இவர்கள் தம்மை அவ்வாறு எண்ணிக்கொள்ளாததே ஆய்வுகூடங்களுக்கு இதுவரை கிடைத்த மிகப் பெரிய இலாபம். நாளைக்கு நானும் பேராசிரியராவேன் என்ற நம்பிக்கை இன்றைய கூலியின் ஒரு பகுதியாகக் கொடுக்கப்பட்டு வந்தது.

அந்த மயக்கம் கலையத் தொடங்கியிருக்கின்றது. 2014இல் அமெரிக்காவின் தேசிய விஞ்ஞானக் கழகங்கள் ஓர் அறிக்கை வெளியிட்டன: இப்பதவியில் ஒருவரை ஐந்தாண்டுக்கு மேல் வைத்திருக்கலாகாது, குறைந்தபட்சச் சம்பளம் 50,000 டொலராக வேண்டும். நல்ல அறிக்கை. அறிக்கைகள் அறிக்கைகளாகவே இருந்தன. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலே 2022 நவம்பர் 14ஆம் நாள் ஏறத்தாழ 48,000 ஊழியர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கார்த் தொழிலாளரின் சங்கத்தோடு இணைந்த சங்கங்கள் அவை என்பதை நண்பர்கள் கவனிக்கவேண்டும். பிந்திய ஆராய்ச்சியாளரும், கற்பிக்கும் பட்டதாரி மாணவரும் ஒரே மறியல் வரிசையில் நின்றனர். ஆராய்ச்சியாளரின் ஆரம்பச் சம்பளம் கணிசமாக உயரும் வகையில் உடன்பாடு எட்டப்பட்டது. பிள்ளை பராமரிப்புக்கும் பேறுகால விடுப்புக்கும் இடம் பெறப்பட்டது. தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆலோசனைக் குழு 70,000 டொலரை நாடு முழுமைக்கும் சிபாரிசு செய்தது 2023 டிசெம்பரில். மறியல் முந்தியது, சிபாரிசு பிந்தியது என்ற கால வரிசையை நம் மாணவர்கள் குறித்துக்கொள்வது நல்லது.

இவ்வெற்றியிற் குறையும் உண்டு. ஆராய்ச்சியாளர் டிசெம்பர் முற்பகுதியில் உடன்பாட்டை ஏற்று வேலைக்குத் திரும்பினர். பட்டதாரி மாணவர் டிசெம்பர் 23 வரை தெருவிலே நிற்க நேர்ந்தது. தனித்தனியே கையொப்பமிட வைப்பது எந்நாட்டு முதலாளிக்கும் தெரிந்த வித்தை. சம்பளம் கூடியதே தவிர, நிரந்தரம் என்ற கேள்வி தீரவில்லை. உதவிநிதி அதற்கேற்பக் கூடாததால் இனிக் குறைந்தோரையே சேர்ப்போம் என்று ஆய்வுகூடத் தலைவர்கள் சிலர் முணுமுணுத்தனர். குறைந்தோரைச் சேர்த்து அவர்களை நிரந்தரமாக்கினால் அதை எதிர்க்க நாம் வரமாட்டோம்.

நம் நாட்டுக்கு வருவோம். 1945 முதல் இந்நாடு இலவசக் கல்வியை நடத்தி வருகின்றது. பேராதனையிலும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பயின்று வெளியேறும் விஞ்ஞானப் பட்டதாரியின் படிப்புச் செலவைக் கொடுத்தவர், தம் பிள்ளையை உயர்தர வகுப்புக்குக்கூட அனுப்ப முடியாத உழவரும் தோட்டத் தொழிலாளியும். அப்பட்டதாரி மேல்நாட்டு ஆய்வுகூடத்துக்குப் போய் மலிவான உழைப்பாகச் சேர்கின்றபோது, அந்த உழவர் ஒரு செல்வந்த நாட்டின் ஆராய்ச்சிக்கு மானியம் கொடுக்கின்றார். போகாதே என்று நாம் சொல்லவில்லை. சொல்ல நமக்கு என்ன தகுதி? 2012இல் யூலை முதல் ஒக்ரோபர் வரை பல்கலைக்கழக ஆசிரியர்கள் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்கும்படி கோரி வேலைநிறுத்தம் செய்தார்கள். 6 சதவீதம் வரவில்லை. 2022இன் நெருக்கடியின் பின் விரிவுரையாளர் பலர் நாட்டைவிட்டே போயினர். அவர்கள் விட்டுச்சென்ற வகுப்புகளிலே இன்று ஓராண்டு நியமனம் பெற்ற தற்காலிக உதவி விரிவுரையாளர்கள் நிற்கின்றார்கள். ஹன்னாவைத் தேடி ஜேர்மனிக்குப் போகவேண்டியதில்லை.

நம் ஆசிரியர் சங்கங்கள் இத்தற்காலிகரைத் தம் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளட்டும்; அவர்களின் நியமனத்தைத் தம் கோரிக்கைப் பட்டியலின் தலையில் வைக்கட்டும். இதைச் செய்யாது மேல்நாட்டு நிலைமையைக் கண்டித்து எழுதுவது நமக்கு மிக எளிது. இக்கட்டுரையும் அவ்வெளிமையிற் பங்குடையதே.

மாணவர் ஒருவர் விளம்பரத் துண்டொன்றைக் கையில் ஏந்தி நம் அறைக்கு வரும்போது, விண்ணப்பத்தைத் திருத்திக் கொடுப்பதற்கு முன் சில கேள்விகளை அவரோடு சேர்ந்து நாமும் கேட்கலாம். ஒப்பந்தம் எத்தனை மாதம்? சம்பளம் பல்கலைக்கழகத்தின் பணமா, ஒரு திட்டத்தின் பணமா? அத்திட்டம் எப்பொழுது முடிகின்றது? விசா யார் பெயரிற் கட்டப்பட்டிருக்கின்றது? அங்கே சங்கம் உண்டா, அந்நியர் அதிற் சேரலாமா? இதே ஆசனத்தில் இதற்கு முன் இருந்தவர் இப்பொழுது எங்கே இருக்கின்றார்? கடைசிக் கேள்வியை விண்ணப்பக் கடிதத்திலேயே எழுதும்படி சென்ற தவணையில் ஒரு மாணவிக்குச் சொன்னோம். அவர் தயங்கினார், பிறகு எழுதினார். இன்னும் மறுமொழி வரவில்லை.